முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கு

நாம் விலை கொடுத்து வாங்கும் பெரும்பாலான பொருள்களின் தரத்தை நாமே சோதித்துக்கொள்கிறோம். அரிசி சரியில்லை என்றால் அன்றைய சோறே சொல்லிவிடும். செருப்பு கடித்தால் மறுநாள் தெரிந்துவிடும். ஆனால், வாங்கியவர் பயன்படுத்தும்போது ஒருமுறைகூடக் கண்ணால் காண முடியாத பொருள் ஒன்று உண்டு. மிதிவண்டியின் பின்விளக்குதான் அது. எரிகிறதா, மங்கிவிட்டதா, அணைந்தே போய்விட்டதா என்பது முன்னோக்கிச் செல்பவருக்குத் தெரியாது. அதைக் காண வேண்டியவர் பின்னால் வரும், முன்பின் அறியாத ஓட்டுநர்.

பின்விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. முன்விளக்கு நாம் பாதையைப் பார்ப்பதற்காக. பின்விளக்கு, பிறர் நம்மைப் பார்ப்பதற்காக. முன்னது கருவி, பின்னது செய்தி. செய்திக்கு உரத்த குரலைவிடத் தெளிவான சொல் முக்கியம். 'இங்கே ஒருவர் மெதுவாகச் சென்றுகொண்டிருக்கிறார். இவ்வளவு தொலைவில் இருக்கிறார். சற்று விலகிச் செல்லுங்கள்' என்ற மூன்று தகவல்களை அந்தச் சிறிய சிவப்பு ஒளி ஒரு கணத்தில் சொல்லிவிட வேண்டும்.

தமிழகச் சாலைகளில் இன்று இருவகை மிதிவண்டிகளைக் காண்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பிற நெடுஞ்சாலைகளிலும் பொழுது விடியும் முன்பே தலைக்கவசத்துடன் விரையும் மெல்லிய சக்கர மிதிவண்டிகள் ஒருவகை. அரை லட்சம், ஒரு லட்சம் என்று விலை சொல்லப்படும் இந்தச் சாலை மிதிவண்டிகள் பெரும்பாலும் விளக்கின்றியே விற்கப்படுகின்றன; விளக்கைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆலைப் பணி முடிந்தும், பால் ஊற்றிவிட்டும், மாலை வகுப்பு முடிந்தும் இருளில் வீடு திரும்புவோரின் எளிய மிதிவண்டிகள் மற்றொரு வகை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. 2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள்.

இந்த உயிரிழப்புகள் அனைத்துக்கும் விளக்கின்மையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், பின்புறமிருந்து மோதும் விபத்துகளில் 'பார்க்கவில்லை' என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலிப்பதை அறிவோம். அது ஏன் ஒலிக்கிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மகிழுந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதே திசையில் மிதிவண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாடு 60 கிலோமீட்டர். அதாவது, ஒவ்வொரு நொடியும் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 17 மீட்டர் குறைகிறது. முகப்பு விளக்கைத் தாழ்த்தி வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு, அடர்நிற உடை அணிந்த, விளக்கற்ற மிதிவண்டிக்காரர் 50 மீட்டர் தொலைவில்தான் தென்படுகிறார் என்று கொள்வோம். மீதமிருப்பது மூன்றே நொடிகள். கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு நொடிகள் போய்விடும். எஞ்சிய இடைவெளி சுமார் 17 மீட்டர். நொடிக்கு நொடி 5 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைந்தாலும், மிதிவண்டியின் வேகத்துக்கு மகிழுந்து இறங்கி வருவதற்குள் இடைவெளியில் 28 மீட்டர் கரைந்துவிடும். ஓட்டுநர் விழிப்புடன் இருந்தாலும், மது அருந்தாதவர் ஆயினும், பிரேக்கை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு மோதலில்தான் முடிகிறது. பக்கவாட்டில் விலக இடமிருந்தால் தப்பலாம்; எதிரே வண்டி வந்தால் அதுவும் இல்லை.

இப்போது அந்த மிதிவண்டியில் 300 மீட்டரிலிருந்தே தெரியும் ஒரு பின்விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடிகள் பதினெட்டு நொடிகளாகின்றன. பிரேக்கை அழுத்த வேண்டிய தேவையே எழாமல் ஓட்டுநர் இயல்பாக விலகிச் சென்றுவிடுவார். மேலும் பதினைந்து நொடிகளைத் தருவதுதான் பின்விளக்கின் பணி. விளக்கை வாங்கும்போது எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுவே: இது எனக்கு நம்பகமாக எத்தனை நொடிகளைச் சம்பாதித்துத் தரும்?

'மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, அது போதாதா?' என்று கேட்கலாம். பிரதிபலிப்பான் மலிவானது, மின்கலம் வேண்டாதது, பழுதாகாதது. அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால், அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்கு அதன்மீது நேராக விழுந்தால்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். வளைவில் திரும்பும்போது, ஒற்றைக் கண்ணுடன் வரும் வண்டியின் முன்னே, சேறும் தூசியும் படிந்த நிலையில், சாய்ந்தோ உடைந்தோ இருக்கும்போது அது கைவிட்டுவிடும். பிரதிபலிப்பான் கேட்டால் பதில் சொல்லும். விளக்கு கேட்காமலே சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. விளக்கு அணைந்துபோனால் கைகொடுக்கும் காப்பீடுதான் பிரதிபலிப்பான்.

கடைக்குச் சென்றால் முதலில் கண்ணில் படுவது லூமென் என்ற அளவு. 50, 100, 200 என்று பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. குறிப்பிட்ட ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஓட்டுநரின் கண்ணை எட்டுவது இரண்டாவதுதான். ஒரே லூமென் கொண்ட இரு விளக்குகளில் ஒன்று ஒளியை ஊசிபோலக் குவித்து அனுப்பும். மற்றொன்று விசிறிபோல் பரப்பும். ஊசி ஒளி நேர் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பக்கச் சாலையிலிருந்து திரும்புபவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே, லென்ஸ் பக்கவாட்டிலும் ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரை விளக்கைப் பிடித்திருக்கச் சொல்லி, நேராகவும் சாய்வாகவும் பக்கத்திலிருந்தும் நடந்து பார்த்தாலே போதும். கருவி எதுவும் வேண்டாம்.

இரவில் காணப்படுவதற்குத் தேவையான ஒளி நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிரிட்டனின் விதிகள் மினுக்கும் பின்விளக்குக்குக் கேட்கும் குறைந்தபட்சச் செறிவு 4 கேண்டெலா மட்டுமே. இருண்ட சாலையில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி நெடுந்தொலைவிலிருந்து தெரியும். இரவுப் பயணத்துக்கு 20 முதல் 50 லூமென் வரையிலான தரமான விளக்கு ஒன்று தாராளம். நூறு லூமெனுக்கு மேற்பட்ட விளக்குகள் பகல் வெளிச்சத்தோடு போட்டியிடுவதற்கானவை. அவற்றை இரவில் முழு வேகத்தில் எரியவிட்டால், பின்னால் வருபவர் கண் கூசி, விளக்கைப் பார்ப்பார். விளக்குக்கு முன்னே இருக்கும் மனிதரைப் பார்க்கமாட்டார். ஒருவர் தம் பாதுகாப்புக்காகச் செய்யும் செயல் மற்றவர் மீது செலவைச் சுமத்துவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். எதிரே 'பிரைட்' போட்டு வரும் லாரியை நாம் திட்டுகிறோம். அதையே சிறிய அளவில் நாம் செய்துவிடக் கூடாது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஒளிநிலைகள் உள்ள விளக்கே நல்லது.

அடுத்த கேள்வி, நிலையாக எரிவதா, மினுக்குவதா என்பது. மினுக்கும் ஒளி கவனத்தை உடனே ஈர்க்கும். மின்கலமும் நெடுநேரம் தாங்கும். ஆனால், வெறும் இருளில் மறைந்து மறைந்து தோன்றும் ஒற்றைப் புள்ளியை வைத்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்த வேகத்தில் நெருங்குகிறது என்று மதிப்பிடுவது கடினம். நாடுகள் இதில் ஒன்றுபடவில்லை. ஜெர்மனியில் மினுக்கும் பின்விளக்குக்கு இடமில்லை. பிரிட்டன் 2005 முதல் அதை அனுமதிக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை சீராக மினுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் நெடும்பயணத்தில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இரவிரவாக ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் அதில் மினுக்கும் விளக்குக்குத் தடை உண்டு. பின்னால் வருபவரின் கண்களை அது வாட்டிவிடும் என்பதே காரணம்.

நடைமுறையில் இப்படிக் கொள்ளலாம். பகலிலும் அந்தி மயக்கத்திலும் மினுக்கும் ஒளி பயன் தரும். இரவில் நிலையாக எரியும் ஒளியே அடிப்படை. முற்றிலும் அணையாமல், சீராக எரிந்தபடியே இடையிடையே சற்றுப் பிரகாசமாகும் துடிப்பு நிலை சில விளக்குகளில் உண்டு. இரண்டின் நன்மையும் அதில் கிடைக்கும். குழுவாகச் செல்லும்போது மட்டும் கடைசியில் வருபவரைத் தவிர மற்றவர்கள் ஒளியைக் குறைத்துக்கொள்வது நாகரிகம்.

நிறத்தைப் பற்றி ஐயமே வேண்டியதில்லை: பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. நீலமும் பச்சையும் மாறி மாறி ஒளிரும் அலங்கார விளக்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. சக்கரக் கம்பிகளில் வேடிக்கைக்குப் பொருத்திக்கொள்ளட்டும். பின்விளக்கின் இடத்தில் அவை கூடாது. சிவப்பைக் கண்டதும் 'இது என்னைவிட்டு விலகிச் செல்லும் வண்டி' என்று ஓட்டுநரின் மனம் சிந்திக்காமலே முடிவுகட்டுகிறது. பல்லாண்டுப் பழக்கத்தில் உருவான பொது மொழி அது. அந்த மொழியை மீறி வேறு நிறத்தில் பேசினால் செய்தி போய்ச் சேராது.

நல்ல விளக்கை வாங்கித் தவறான இடத்தில் பொருத்தினால் வாங்கியும் பயனில்லை. சாலை மிதிவண்டியில் இருக்கைக்குக் கீழுள்ள தண்டுதான் பொருத்தமான இடம். அங்கே தொங்கும் சிறு பையின் துணிப்பட்டையில் மாட்டினால், விளக்கு தலைகவிழ்ந்து தார்ச்சாலைக்கு ஒளியூட்டும். இருக்கைத் தண்டு சாய்வானது. ஆகவே விளக்கின் பிடிப்பான், அந்தச் சாய்வை ஈடுகட்டி ஒளியைத் தரைக்கு இணையாக அனுப்புமாறு அமைந்திருக்க வேண்டும். ஜெர்மானிய விதி பின்விளக்கின் உயரத்தைத் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்கும் 120 சென்டிமீட்டருக்கும் இடையில் வரையறுக்கிறது. அந்த வரம்புக்குள் நின்றால் மகிழுந்து ஓட்டுபவர், லாரி ஓட்டுபவர் இருவரின் பார்வைக்கும் அது எட்டும்.

எளிய மிதிவண்டியில் கதை வேறு. கேரியரின் இருபுறமும் பால் கேன்கள், மேலே தீவன மூட்டை, அல்லது பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியின் சேலை முந்தானை என்று இருக்கைத் தண்டு மறைந்துபோகும். அவர்களுக்குக் கேரியரின் பின் விளிம்பிலோ மட்கார்டின் நுனியிலோ திருகாணியால் இறுக்கப்படும் விளக்கே ஏற்றது. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில், முந்துகிற வண்டி வலப்புறமாகவே வரும். நடுவில் பொருத்த இயலாவிட்டால் வலப்பக்கம் பொருத்த வேண்டும்; இடப்பக்கம் அல்ல. சட்டையின் பின்பகுதி தொங்கி விளக்கை மூடுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோவை என் தலைமுறையினர் நன்கறிவர். 6 வோல்ட், 3 வாட், அதில் 2.4 வாட் முன்விளக்குக்கு, 0.6 வாட் பின்விளக்குக்கு என்பது அதன் பங்கீடு. மின்கலச் செலவில்லை என்பது நிறை. வண்டி நின்றதும் விளக்கும் நின்றுவிடும், மழையில் டயர் வழுக்கும், மிதிப்பது கனக்கும் என்பவை குறைகள். இன்று சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே அமைந்த டைனமோக்களும், நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும் பின்விளக்குகளும் உள்ளன. அன்றாடம் இரவில் நெடுந்தொலைவு செல்வோருக்கு அவை சிறந்தவை, விலைதான் எட்டாது.

பெரும்பாலோருக்கு எஞ்சுவது இரண்டு வழிகள். கைப்பேசி சார்ஜரில் மின்னேற்றம் செய்யக்கூடிய லித்தியம் விளக்கு ஒன்று. கடையில் கிடைக்கும் சிறு பேட்டரிகளைப் போட்டு மாற்றும் விளக்கு மற்றொன்று. முன்னது பிரகாசமானது, தொடர்செலவு குறைவு. ஆனால், அதன் மின்கலம் தீரும் தறுவாயில் முன்னறிவிப்பின்றி அணைந்துவிடக்கூடும்; மீதமுள்ள மின்னேற்றத்தைக் காட்டும் குறி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பின்னது படிப்படியாக மங்கும். எந்தச் சிற்றூரிலும் பேட்டரி கிடைக்கும். பொத்தான் வடிவப் பேட்டரியில் எரியும் மிகச் சிறிய விளக்குகள் அவசரத்துக்கு மட்டுமே.

பெட்டியில் '40 மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் மினுக்கும் நிலைக்கான கணக்கு. நிலையாக எரியும்போது எத்தனை மணி நேரம் என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். நம் பயண நேரத்தைப்போல் இரு மடங்காவது அது தாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பொழுதும் சீக்கிரம் சாயும், மழையும் கொட்டும். விளக்கு மிகத் தேவைப்படுவதும் அது நனைந்து கெடுவதும் அப்போதுதான். ஐபிஎக்ஸ்4 என்ற குறி, எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும். ஐபிஎக்ஸ்7, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் காட்டும். முன்னது குறைந்தபட்சத் தேவை. மின்னேற்றத் துளையை மூடும் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் எந்தக் குறியும் காப்பாற்றாது.

விலை உயர உயரப் புதுமைகளும் வரும். பிரேக் பிடித்ததும் தானே பிரகாசமாகும் விளக்குகள் உண்டு. கார்மின் நிறுவனத்தின் வேரியா வகை பின்விளக்கில் ரேடார் இருக்கிறது. பின்னால் வரும் வண்டியை 140 மீட்டர் தொலைவிலேயே உணர்ந்து, கைப்பிடியில் உள்ள திரையில் காட்டும். நெடுஞ்சாலையில் தனியே செல்பவருக்கு அது பயனுள்ள கருவிதான். ஆனால், முதல் சில நூறு ரூபாய் வாங்கித் தரும் பாதுகாப்புக்கும், அதன் மேல் செலவிடும் பல ஆயிரம் ரூபாய் கூட்டித் தரும் பாதுகாப்புக்கும் பெரும் வேறுபாடு உண்டு. குறைந்து செல் இறுதிநிலைப் பயன் விதி என்று வகுப்பறையில் நாங்கள் கற்பிப்பது இதைத்தான். விளக்கே இல்லாத நிலையிலிருந்து ஒரு சுமாரான விளக்குக்கு வருவதே மிகப் பெரிய பாய்ச்சல். ஆகவே, ஓர் உயர்விலை விளக்கைவிட, நடுத்தர விலையில் இரண்டு விளக்குகள் மேலானவை. ஒன்று வழியில் அணைந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை, மற்றொன்று எரிந்துகொண்டிருக்கும்.

இன்னும் மலிவான துணை ஒன்று உண்டு: கணுக்காலில் கட்டும் ஒளிதிருப்பும் பட்டை. மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் அந்தப் பட்டையை ஓட்டுநரின் கண் 'மனிதக் கால்' என்று உடனே இனங்கண்டுகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனைகள் அசையும் மூட்டுகளில் அணியும் பட்டைகளின் பயனைக் காட்டியுள்ளன. விளக்கு 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லும். அசையும் கால் 'மனிதர் இருக்கிறார்' என்று சொல்லும்.

இவ்வளவும் நுகர்வோர் செய்ய வேண்டியவை. ஆனால், நுகர்வோரால் மட்டும் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் இதில் உள்ளது. பெட்டியில் அச்சிட்ட லூமென் உண்மையா என்று வாங்குபவரால் அளக்க முடியாது. வாங்கிய பின்னும் அறிய முடியாது, ஏனெனில் விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத தரம் உள்ள சந்தையில் மோசமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு வழிவகுத்த ஆய்வு அது. பின்விளக்குச் சந்தை அதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. ஜெர்மனி இதற்குக் கண்ட தீர்வு, அங்கீகார முத்திரை. அலை வடிவக் கோடு, 'கே' என்ற எழுத்து, ஓர் எண் ஆகியவை பொறிக்கப்பட்ட விளக்குகளே அங்குச் சாலைக்கு உரியவை. வாங்குபவர் லூமெனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முத்திரையைப் பார்த்தால் போதும்.

இங்கு நிலைமை என்ன? மிதிவண்டி இயந்திர ஆற்றலால் இயங்குவதில்லை என்பதால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் அது வராது. விளக்கில்லாமல் சென்ற மிதிவண்டிக்காரரைக் காவலர் நிறுத்தி, காற்றைப் பிடுங்கிவிட்டு அபராதம் விதித்த காலத்தை மூத்தவர்கள் நினைவுகூர்வர். அந்தக் கெடுபிடி மறைந்தது. அதனோடு விளக்கும் மறைந்தது. மத்திய அரசு 2020-இல் மிதிவண்டிகளின் பிரதிபலிப்பான்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது நல்ல தொடக்கம். பிரதிபலிப்பானோடு அது நின்றுவிடக் கூடாது. பன்னாட்டுத் தர அமைப்பின் 6742 என்ற தரவரிசையில் விளக்குகளுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அதைப் பின்பற்றிப் பின்விளக்குகளுக்கும் தரமுத்திரையைக் கொண்டுவருவதில் தடையேதும் இருக்க முடியாது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் ஒன்றை நியாயமாகக் கேட்க வேண்டும். பிரிட்டனில் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், பின்விளக்கைக் கட்டாயமாக்குவதை மிதிவண்டி அமைப்புகளே எதிர்த்தன. 'எதிரே இருப்பதைப் பார்த்து ஓட்டுவது மோட்டார் ஓட்டுநரின் கடமை. பின்விளக்கைக் கட்டாயமாக்கினால், அந்தக் கடமை சத்தமின்றி எங்கள் தோளுக்கு மாறிவிடும்' என்பது அவர்களின் வாதம். 1945-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டுப் பின்விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆயினும், அவர்கள் அஞ்சியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது 'விளக்கு இருந்ததா?' என்பதே முதல் கேள்வியாக எழுவதை நாம் பார்க்கிறோம். வந்த வண்டியின் வேகத்தைப் பற்றிய கேள்வி பிறகுதான் வருகிறது.

விபத்தை மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் யாரோ அவரிடமே பொறுப்பு இருக்க வேண்டும் என்று கீடோ கலாப்ரேசி 1970-இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். சில நூறு ரூபாய் விளக்கு, மூன்று நொடிகளைப் பதினெட்டு நொடிகளாக்குகிறது என்றால், அந்தச் செலவு மிக மலிவானதே. ஆனால், செலவு மலிவு என்பதும் அதைச் செலுத்த வேண்டியவரின் கையில் காசு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இருளில் மிதிவண்டியில் செல்பவர்களில் பெரும்பாலோர், வேறு வாகனம் வாங்க வழியில்லாததால் செல்பவர்கள். அவர்களிடம் அபராதச் சீட்டை நீட்டுவது எளிது. விளக்கை நீட்டுவதே அறம். சமூகத்துக்கும் அதுதான் இலாபம்.

டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 3,845 மிதிவண்டி ஓட்டுநர்களைக் கொண்டு ஓராண்டு காலம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு, சக்கரம் சுழலும்வரை பகலிலும் அணையாத காந்த விளக்குகளை முன்னும் பின்னும் பொருத்தினர்; மற்றப் பிரிவினருக்குப் பொருத்தவில்லை. விளக்குப் பெற்றவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகளின் விகிதம் 19 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்குக் கவனிக்க வேண்டியது, அந்த விளக்குகளை யாரும் நினைவாகப் போட வேண்டியிருக்கவில்லை என்பதுதான். மறந்துபோவதற்கு இடமில்லாத விளக்கே மிகச் சிறந்த விளக்கு.

இந்தப் பாடத்தை நாம் பின்பற்ற ஒரு வாய்ப்பு கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவ, மாணவியருக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டிகளை வழங்குகிறது. பெண் குழந்தைகளின் மேல்நிலைக் கல்விக்குத் துணைநின்ற திட்டம் அது. சிறப்பு வகுப்பு முடிந்து, கார்த்திகை மாத மாலையில், தெருவிளக்கில்லாத ஊராட்சிச் சாலையில் அந்த மிதிவண்டிகள்தான் வீடு திரும்புகின்றன. அவற்றின் கொள்முதல் விதிமுறைகளில் தரமான ஒரு பின்விளக்கு கட்டாய உறுப்பாக இடம்பெற வேண்டும். எளிதில் கழற்றித் திருட முடியாதபடி திருகாணியால் இறுக்கியதாக, மழையைத் தாங்குவதாக, சக்கரம் சுழன்றாலே எரிவதாக அது இருக்கட்டும். லட்சக்கணக்கில் வாங்கும்போது ஒரு விளக்கின் விலை கடைவிலையில் சிறு பகுதியாகிவிடும். அரசு கேட்கும் தரமே பிறகு சந்தையின் தரமாகவும் மாறும்.

அதுவரை, ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டியில் ஏறும் முன் காற்று இருக்கிறதா என்று டயரை அழுத்திப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதனோடு, பின்னால் சென்று விளக்கைப் போட்டு, பத்து அடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் மிதிவண்டி எடுத்தால் வாசலில் நின்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அந்த விளக்கை அதற்கு உரியவர் பார்க்க முடியாது. அவருக்காக வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.